பனிப்புயலுக்குப் பிறகு ஃபர்னஸ்: முதலில் வெளிச்சுவரைப் பாருங்கள்

உறைமழையோ கடும் பனியோ கொட்டித் தீர்த்த மறுநாள் ரொறன்ரோப் பக்கம் வீடு சில்லிட்டுப் போனால், எல்லாரும் நேரே பேஸ்மென்டுக்கு இறங்கி, வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான ஃபர்னஸின் கதவைத் திறக்கிறார்கள். புயலுக்குப் பிறகு வரும் கோளாறைத் தேட வேண்டிய முதல் இடம் அதுவல்ல, வெளிச்சுவர்.

ஹை எஃபிஷியன்ஸி காஸ் ஃபர்னஸுக்குச் சிம்னி கிடையாது. சுவரைத் துளைத்து வரும் இரண்டு அல்லது மூன்று அங்குல பிளாஸ்டிக் குழாய்கள்தான். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது எரிந்த வாயுவை வெளியேற்றும். காற்றடித்துக் குவிந்த பனியில் இரண்டும் புதைந்துவிடும். ஃபர்னஸ் சுவிட்சை அணைத்துவிட்டு, குழாயைச் சுற்றிக் கையால் பனியை விலக்குங்கள். ஷவல் வேண்டாம், குளிரில் பிளாஸ்டிக் பட்டென்று உடையும். குழாயின் வாயையும் தடவிப் பாருங்கள். வெளிவரும் ஈரம் விளிம்பில் வளையமாக உறைந்து வழியைச் சுருக்கியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது.

அப்படியே காஸ் மீட்டரையும் பாருங்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் உள்ள சிறு மூச்சுத்துளை அடைபட்டால் காஸ் அழுத்தம் தாறுமாறாகும். லேசான பனியென்றால் கையால் தட்டிவிடலாம். கூரையிலிருந்து சொட்டிக் கட்டியாக உறைந்திருந்தால் உதைக்காமல், சுத்தியலால் தட்டாமல், காஸ் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். காஸ் மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியேறி, வெளியே நின்று 911-ஐ அழையுங்கள்.

இனி உள்ளே. பிரேக்கர், தெர்மோஸ்டாட் பேட்டரி, ஃபில்டர், ஃபர்னஸ் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை. கதவு சற்று விலகியிருந்தாலும் அதன் பாதுகாப்புச் சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

பிறகு ஃபர்னஸ் சுவிட்சைப் போட்டு, தெர்மோஸ்டாட்டில் சூட்டைக் கூட்டிவிட்டு, பார்வைத் துளை வழியே கவனியுங்கள். முதலில் எரிந்த வாயுவை வெளியே தள்ளும் இன்டூசர் என்ற சிறு மின்விசிறி சுழலும். குழாயில் காற்றோட்டம் சரியாக இருந்தால் பிரஷர் சுவிட்ச் மூடும். காஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செக்கச் சிவக்கும். காஸ் திறந்து நீலச் சுடர் பிடிக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துப் சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் பெரிய புளோவர் ஓடும். எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்துதான் காரணத்தைத் தேட வேண்டும்.

இன்டூசர் சுழன்றும் இக்னைட்டர் சிவக்கவில்லையென்றால், குழாய் இன்னும் அடைத்திருக்கலாம். அல்லது எரிந்த வாயு குளிர்ந்து உண்டாகும் கண்டென்சேட் நீர் வடியாமல் நிற்கலாம். இந்த வகை ஃபர்னஸ் ஓடும் நாளில் லிட்டர் கணக்கில் நீர் வடியும். அந்த நீர் வடியும் டியூப் குளிர்ந்த கராஜ் வழியாகப் போனால் உறைந்துவிடும், உள்ளே களகளவென்று சத்தம் கேட்கும். நீரைத் தேக்கி வாயுவைத் தடுக்கும் பாகமான டிராப்பைக் கழற்றிக் கழுவினால், நீர் நிரப்பித்தான் திரும்ப மாட்ட வேண்டும். வெறும் டிராப் வழியாக எரிந்த வாயு அறைக்குள் வந்துவிடும்.

சுடர் பிடித்துச் சில நொடிகளில் அணைந்தால் சுடர் இருப்பதை உணரும் ஃபிளேம் சென்சரில் படலம் படிந்திருக்கலாம். கரண்டை நிறுத்திவிட்டு, மெல்லிய ஸ்டீல் வுல்லால் துடைத்தால் போதும். ஜெனரேட்டரில் ஓட்டும்போது மட்டும் இப்படி அணைந்தால் சென்சரைக் குறை சொல்லாதீர்கள். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது. சுடரை உணரும் மைக்ரோஆம்ப் மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழியே இல்லை. அதை எலக்ட்ரீஷியன்தான் சரிசெய்ய வேண்டும்.

கரண்ட் திரும்பி வந்தும் கன்ட்ரோல் போர்டில் விளக்கே எரியவில்லையா? கார் ஃபியூஸ் போல 3 அல்லது 5 ஆம்பியரில் ஒன்று அதில் செருகியிருக்கும். கருகியிருந்தால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும்.

திரும்பத் திரும்ப ரீசெட் செய்யாதீர்கள். சில முறை முயன்று தோற்ற பிறகு போர்டு தானாகப் பூட்டிக்கொள்வது உங்கள் பாதுகாப்புக்காகத்தான். தடையை நீக்கிய பின் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஃபர்னஸ் ஓடத் தொடங்குமுன் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பிளக்கில் மட்டும் ஓடும் அலாரம், கரண்ட் போன இரவு முழுக்க ஊமையாகத்தான் கிடந்திருக்கும்.

மறுபடி பூட்டிக்கொண்டால் உரிமம் பெற்ற காஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். போர்டு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதையும், ஃபர்னஸ் கதவின் உட்புறம் ஒட்டியுள்ள மாடல் எண்ணையும் போனிலேயே சொல்லிவிட்டால், தேவைப்படக்கூடிய பாகத்தோடு அவர் வர முடியும்.