27, சனி, மூன்று மணி

டிசம்பர் 3, 2025, புதன்

மெஷின் நாள், ஆஸ்பத்திரியில் அப்பாவின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் நாள். நாலு மணி நேரமும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், ஆனால் தூங்கவில்லை. காரில் ஏறியதும் முதல் கேள்வி: “பிள்ளை, அந்த மட்ச் இருபத்தாறாம் திகதிதானோ? மாத்த மாட்டாங்களோ?”

இனி மாற்ற மாட்டார்கள் அப்பா. டிவிக்காக ஏற்கெனவே மாற்றியாயிற்று. வெள்ளி இரவு எட்டு மணி. அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் பேசவில்லை.

ஜூனில் அட்டவணை வந்த அன்றே குசினிக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்தவர். 27, சனி, மூன்று மணி, ஓல்ட் டிராஃபர்ட்: எங்கள் நியூகாசில் கால்பந்து அணி மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்தில். திங்கள், புதன், வெள்ளி மெஷின். சனிக்கிழமை அவருடைய நல்ல நாள். அந்த வட்டம் இன்னும் கலண்டரில் இருக்கிறது, அழிக்க எனக்குக் கை வரவில்லை.

டிசம்பர் 6, சனி

இன்று எங்கள் மைதானத்துக்கு அப்பாவும் வந்தார்! பர்ன்லியுடன் 2-1. மூன்று மணி ஆட்டம் என்பதால் எல்லாம் சரியாக அமைந்தது. காலையில் ஆறுதலாக எழும்பி, மருந்து போட்டு, கொஞ்சம் சோறு சாப்பிட்டு, படிகளில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார். ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் கம்பளிக்குள். முன்பெல்லாம் எல்லா ஆட்டமும் இப்படித்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், இன்றும் சொன்னார்.

சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்த ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது என்ற விதிக்கு 1960களில் பாடுபட்டவர் பர்ன்லியின் தலைவராக இருந்த பாப் லார்ட். பெரிய ஆட்டம் டிவியில் ஓடினால் சின்னக் கழகங்களின் மைதானம் காலியாகிவிடும் என்பது அவர் பயம். அந்த மனிதர் கட்டிய வேலிக்குள்தான் இன்று அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வேலிக்குள் இப்போது மிஞ்சியிருக்கும் ஆட்டங்களோ கொஞ்சம்.

டிசம்பர் 8, திங்கள்

சிறுநீரகப் பிரிவில் கேட்டுப் பார்த்தேன். 26ஆம் திகதிக்குப் பதிலாக 27 கிடைக்குமா என்று. கிறிஸ்மஸ் வாரம் எல்லோருடைய நாளும் நகர்கிறது, ஒரு கதிரைகூட இல்லை என்று தாதி சொன்னார், சொல்லும்போது அவருக்கே மனவருத்தம். நியூகாசில்காரி, ஏன் கேட்கிறேன் என்று விளங்கிவிட்டது.

டிசம்பர் 11, வியாழன்

நித்திரை இல்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

1992இல் இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக் தொடங்கியபோது டிவி உரிமை ஐந்து வருடத்துக்கு 304 மில்லியன் பவுண்ட். இப்போது நாலு வருடத்துக்கு 6.7 பில்லியன். ஒரு பருவத்தில் 380 ஆட்டம், அதில் குறைந்தது 267 நேரலையில். வெள்ளி இரவு, சனி 12.30, சனி 5.30, ஞாயிறு 2, ஞாயிறு 4.30, திங்கள் இரவு எட்டு என்று நாளை வெட்டி வெட்டி விற்றாயிற்று. அந்தப் பணத்தில்தான் நல்ல ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், தெரியும், நானும் அவர்களைப் பார்த்துத்தான் கத்துகிறேன். ஆனால் ஜூனில் வரும் திகதியை நம்பி யாரும் ரயில் டிக்கெட் எடுக்க முடியாது, டிவிக்காரர் தெரிவு செய்து முடித்த பிறகுதான் அது உண்மையான திகதி, அதற்குள் மலிவு டிக்கெட் போய்விடும். வெளியூர் ஆட்டத்துக்கு 2016இலிருந்து 30 பவுண்ட்தான் உச்சவரம்பு, அது ரசிகர்கள் போராடி வாங்கியது. போய் வரும் செலவுக்கு யார் வரம்பு வைப்பது?

26ஆம் திகதி அநேகமாக ரயிலே ஓடாத நாள். நாடு முழுக்க பிரீமியர் லீக்கில் அன்றைக்கு ஒரே ஒரு ஆட்டம், அது எங்களுடையது. ஐரோப்பியப் போட்டிகள் பெருத்துவிட்டன, லீக்குக்கு 33 வார இறுதிதான் மிச்சம் என்று காரணம் சொல்கிறார்கள். சரி, ஒரு ஆட்டம்தான் என்றால் அதை ஏன் பகல் ஒரு மணிக்கு வைக்கவில்லை? இரவு எட்டு மணி யாருக்கு வசதி? நியூகாசிலில் இருந்து போகிறவனுக்கு இல்லை.

ஜெர்மனியில் 2018இல் திங்கள் ஆட்டத்தை எதிர்த்து டார்ட்மண்ட் ரசிகர்கள் ‘மஞ்சள் சுவர்’ என்ற தங்கள் நின்று பார்க்கும் பகுதியையே காலியாக விட்டார்கள். 2021-22இலிருந்து அவர்களுடைய லீக்கான பண்டஸ்லிகாவில் திங்கள் ஆட்டம் இல்லை. அங்கே முடிந்திருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

சண்டர்லாந்து. எங்கள் ஆளின் தலையாலேயே எங்களுக்குக் கோல். பேச விருப்பமில்லை.

டிசம்பர் 20, சனி

செல்சி, 12.30. அப்பாவுக்கு நேற்றைய மெஷின் களைப்பு தீரவில்லை, காலையில் எழும்பவே முடியவில்லை. மூன்று மணி என்றால் வந்திருப்பார்.

லண்டனில் இருந்து வந்த ஒரு கிழவரைப் பார்த்தேன், தேர்மாஸோடு சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில். விடியாமலே புறப்பட்டிருப்பார். 2023இல் கிறிஸ்மஸுக்கு முதல் நாள் வுல்வர்ஹாம்ப்டனுக்கு அனுப்பப்பட்டதும் இதே செல்சிக்காரர்கள்தான். 1995க்குப் பிறகு அப்படி ஒரு நாளில் ஆட்டம் வைத்தது அதுதான் முதல் தடவை. எதிரி அணிதான், ஆனாலும் மனது கேட்கவில்லை, தலையசைத்துவிட்டு வந்தேன்.

2-0 முன்னால் நின்று 2-2.

டிசம்பர் 22, திங்கள்

மெஷின். இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கால்களை உயர்த்தி வைத்தார்கள்.

டிசம்பர் 24, புதன்

அப்பா தானாகவே சொன்னார். “நீ போ பிள்ளை. நான் வந்தா உனக்குத்தான் கரைச்சல்.”

1984இல் எங்கள் ஆட்டக்காரர் கெவின் கீகன் விடைபெற்ற இரவு, மைதான நடுவில் இருந்து ஹெலிகாப்டர் ஏறிப் போனதை நின்று பார்த்தவர். இந்த மார்ச்சில் வெம்ப்ளியில் கிண்ணம் தூக்கியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவர். அவரை கரைச்சல் என்று நான் எப்போது சொன்னேன்?

டிசம்பர் 27, சனி

விடிய 2.40க்கு வீடு. 0-1, அவர்களுக்குக் கோல் போட்டவர் டோர்கு. இரண்டாம் பாதி முழுக்க நாங்கள்தான் முட்டினோம், பந்து உள்ளே போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஐந்து பேர், எம்62 இருட்டு, யாரும் பேசவில்லை. எங்கள் பகுதியில் இடைவிடாமல் பாடினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா விழித்திருந்தார். “டிவியில உங்கட பாட்டுக் கேட்டது” என்றார்.

மாலை தங்கச்சி போன் எடுத்தாள். டிவிக்கு மாற்றியதால்தானே அப்பா பார்த்தார், சனி மூன்று மணி என்றால் அதுவும் இல்லையே அக்கா என்கிறாள். கோபம் வந்தது, ஏனென்றால் பாதி உண்மை. மற்றப் பாதியை அவளுக்குச் சொன்னேன்: சனி மூன்று மணி என்றால் அவருக்கு டிவியே தேவைப்பட்டிருக்காது.

போனை வைத்த பிறகுதான், இன்று சரியாக மூன்று மணிக்கு அவர் கலண்டருக்குக் கீழே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. தெளிவாக இருந்தார். நடந்து திரிந்தார்.

டிசம்பர் 28, ஞாயிறு

“பிள்ளை, பர்ன்லி எப்ப?”

செவ்வாய் அப்பா. இரவு ஏழரை.

“செவ்வாய் எனக்கு ஊசி இல்லையே.”

டிக்கெட் எப்போதோ முடிந்துவிட்டது. யாராவது வர முடியாமல் திருப்பித் தருவார்களா என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். இரண்டு சாம்பல் டிக், நீலமாக இன்னும் மாறவில்லை.