இரண்டாவது பயாப்ஸிக்கு முன்னால் நான் கேட்டவை

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் புற்று இருக்கிறதா என்று பார்க்க, முதல் பயாப்ஸியில் 12 இடத்தில் சதை எடுத்தார்கள். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வருவதற்குள் எனக்கு உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்ஜுரம் வந்துவிட்டது. ரத்தத்தில் ஈகோலி என்ற குடல் கிருமி. ஊசி மலக்குடல் சுவர் வழியாகப் போகிறது, அங்கிருக்கும் கிருமியும் கூடவே போகிறது. முன்கூட்டியே கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அது மசியவில்லை. நம் ஊரில் அந்த மாத்திரையை எதற்கெல்லாமோ விழுங்கி வைத்திருக்கிறோமே!

அதனால், பிஎஸ்ஏ (புராஸ்டேட்டில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) 6-லிருந்து 9.1-க்கு ஏறி, "இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் சார்" என்று டாக்டர் சொன்னதும் என் மனைவி எழுந்தே விட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, "உட்காருங்கம்மா, முதலில் எம்ஆர்ஐ" என்றார்.

பிரிட்டனில் 576 பேரை வைத்து நடந்த ப்ராமிஸ் ஆய்வு (2017) பற்றி அவர்தான் சொன்னார். கவனித்தே ஆகவேண்டிய புற்றில் வழக்கமான பயாப்ஸி 48 சதவீதத்தைத்தான் பிடித்தது. எம்ஆர்ஐ 93 சதவீதத்தைக் காட்டியது. நீரோட்டம் பார்க்காமல் வயல் முழுக்க வரிசையாகப் போர் போட்ட கதைதான் எனக்கு நடந்தது.

20-க்கு மேல் ஊசி போட்டு அலசிவிடலாமே என்று கேட்டேன். மூத்திரம் அடைத்துக்கொண்டு டியூப் போடவேண்டி வரலாம். ஆயுசுக்கும் தொந்தரவே தராத சின்னக் கட்டிகளும் சிக்கும், பிறகு அதை நினைத்தே தூக்கம் போகும் என்றார். சரிதான்.

என் சுரப்பி 65 மில்லி. பிஎஸ்ஏவை அதால் வகுத்தால் 0.14; பொதுவாக 0.15-ஐத் தாண்டினால்தான் சந்தேகம் கூடும். அதை மட்டும் பார்த்திருந்தால் தள்ளிப் போட்டிருப்போம். ஆனால் எம்ஆர்ஐயில் முன்பக்கம் ஒரு புள்ளி, பைரேட்ஸ் 4; அதாவது புற்றுச் சந்தேகத்துக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண். பின்னாலிருந்து போகும் ஊசிக்கு எளிதில் எட்டாத இடம் அது.

இந்த முறை விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக எடுத்தார்கள். ஐரோப்பிய யூராலஜி சங்கம் இந்த வழியைத்தான் முதலில் பரிந்துரைக்கிறது. செலவு கூடுதல், உட்கார இரண்டு நாள் சிரமம், சிறுநீரில் கொஞ்சம் ரத்தம். ஜுரம் இல்லை. ரிப்போர்ட்: க்ளீசன் 3+4; புற்றுதான், நடுத்தர வீரியம்.

எம்ஆர்ஐ சுத்தமாக வந்தாலும் புற்றே இல்லை என்று ஆகிவிடாது. பிஎஸ்ஏவைத் தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டும். உங்கள் ஊரில் மலக்குடல் வழி மட்டும்தான் உண்டு என்றால், முதலில் அங்கிருந்து பஞ்சுக் குச்சியால் சாம்பிள் (ஸ்வாப்) எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்து (கல்ச்சர்), எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று தெரிந்துகொண்டு செய்யச் சொல்லுங்கள்.