இரவு டேட்டாவில் ஜென்டூ

ஜென்டூ என்பது மென்பொருள் பொதிகளை மூலக்கோடிலிருந்து நம் கணினியிலேயே கம்பைல் செய்து, அதாவது இயங்கும் வடிவுக்கு மாற்றி, நிறுவும் லினக்ஸ் வகை. திருகோணமலையில் அதை ஸ்டேஜ்3 என்ற அடிப்படைக் கோப்புத் தொகுப்பிலிருந்து கட்டியெழுப்பியபோது எங்களை மறித்தவை டேட்டா, கரண்ட், கச்சான் காற்றுக் காலத்து வெக்கை. இணையத்திலிருந்து இறக்கும் வேலையையும் கம்பைல் வேலையையும் பிரித்த பிறகுதான் வழி பிடிபட்டது.

முதலில் திகதியைப் பாருங்கள். பழைய லேப்டொப்பில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிமோஸ் பற்றறி செத்திருந்தால் திகதி பின்னுக்குப் போய், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதென்று இறக்கமே நடக்காது. ஸ்டேஜ்3 ஐ விரிக்கும்போது 'நியூமெரிக்-ஓனர்' தெரிவை விடக்கூடாது. விட்டால் கோப்புகளின் உரிமை நிறுவுவதற்காகக் கணினியை ஏற்றிய லைவ் யூஎஸ்பியின் பயனர் எண்களோடு குழம்பும்.

சிபியூவில் 8 திரெட் இருக்கிறதே என்று, ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலை ஓடலாம் என்று சொல்லும் மேக்ஒப்ட்ஸ் அமைப்பில் 8 போட ஆசை வரும். ஒரு வேலைக்கு 2 ஜிபி ரேம் என்பதே கணக்கு. 8 ஜிபி என்றால் 4 தான். மீறினால் பெரிய சி++ பொதி ஒன்று நடுவழியில் 'கில்ட்' என்று நிற்கும். கோடில் பிழை தேட வேண்டாம். ரேம் போதாமல் லினக்ஸின் மையமான கேர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கும்.

புரொஃபைல் (சிஸ்டத்தின் அடிப்படை அமைப்புத் தொகுதி), யூஸ் ஃபிளாக் (பொதிகளில் எந்த வசதிகள் வேண்டும் என்ற தெரிவு) இரண்டையும் முடிவுசெய்துவிட்டு, இரவுக்கென்று தரப்படும் டேட்டா இருக்கும்போது, பொதிகளை நிறுவும் கட்டளையான எமர்ஜை, இறக்க மட்டும் சொல்லும் 'ஃபெட்ச்ஒன்லி' தெரிவோடு ஓட விடுங்கள். ஃபிளாக்கைப் பிறகு மாற்றினால் புதிய சார்புப் பொதிகள் சேர்ந்து மறுபடி இணையம் கேட்கும். மூலக்கோப்புகள் கைக்கு வந்தபின் இணையமின்றியே கம்பைல் செய்யலாம். மத்தியான வெயிலில் சிபியூ சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; விடியப்புறம் தொடங்குவது நல்லது.

ரஸ்ட், எல்எல்விஎம் போன்ற பெரிய கம்பைலர் பொதிகளை மூலத்திலிருந்து கட்டியே தீருவேன் என்ற பிடிவாதம் இங்கே வேண்டாம். 2023 டிசம்பர் முதல் ஜென்டூவே ஏற்கனவே கம்பைல் செய்த ஆயத்த பைனரிப் பொதிகளைத் தருகிறது. யூஸ் ஃபிளாக் பொருந்தாவிட்டால் எமர்ஜ் மூலத்துக்கே திரும்பிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

கரண்ட் போனால் முடிந்த பொதிகள் பத்திரமாக இருக்கும். நடுவில் நின்றது மட்டும் முதலிலிருந்து தொடங்கும். கம்பைல் செய்த துண்டுகளைச் சேமித்துவைக்கும் சிகேஷ் போட்டிருந்தால் அதிலும் பெரும்பகுதி மிஞ்சும். லைவ் யூஎஸ்பியில் திரும்ப ஏறியதும் ரூட் பகிர்வு (ஜென்டூ இருக்கும் டிஸ்க் பகுதி), கேர்னல் தரும் புரொக், சிஸ், டெவ் கோப்புறைகள் எல்லாவற்றையும் மறுபடி மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, சிரூட் கட்டளையால் புதிய சிஸ்டத்துக்குள் போய், விட்ட இடத்திலிருந்து தொடர 'எமர்ஜ் ரெசியூம்' கொடுங்கள். டெவ் மவுண்ட் விடுபட்டால் விளங்காத பிழைகள் வரிசையாக வரும்.

கேர்னலுக்கு ஜென்டூ-கேர்னல்-பின் என்ற ஆயத்தப் பொதி போதும். ரீபூட்டுக்கு முன் ரூட் பயனரின் கடவுச்சொல், எஃப்ஸ்டாப் (மவுண்ட் செய்யவேண்டியவற்றின் பட்டியல்), கிரப் (சிஸ்டத்தை ஏற்றும் நிரல்) மூன்றையும் பார்ப்பீர்கள். வைஃபை போன்ற சாதனங்களுக்கான லினக்ஸ்-ஃபேர்ம்வெயரும், இணைய இணைப்பைக் கவனிக்கும் நெட்வேர்க்மனேஜரும் உள்ளே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் புதிய சிஸ்டம் எழும்பும், வைஃபை எழும்பாது.