சல்லடைக்கு ஒரு பழுதுபார்ப்பு: பைதான் லிண்டரும் தமிழ் மாறிகளும்

‘சல்லடை’ என்ற என் சிறு மென்பொருளில் இந்தச் சுற்றில் சேர்த்ததை விடக் கழித்ததே அதிகம். சில விதிகளை நீக்கிவிட்டேன். சிலவற்றின் வாயைக் கட்டிவிட்டேன். தமிழ் எழுத்தைக் கண்டால் தடுமாறும் பகுதியை மட்டும் அடியோடு மாற்றி எழுதினேன்.

சல்லடை என்பது பைதான் நிரலாக்க மொழியில் எழுதிய செய்நிரலை ஓட்டிப் பார்க்காமல், வாசித்தே குறை சொல்லும் சிறிய லிண்டர். திருகோணமலை உவர்மலையில், உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். அவர்களுக்காகத் தொடங்கிய பொழுதுபோக்கு வேலை இது. பைலிண்ட், பிளேக்8, ரஃப் என்று பெயர்பெற்ற லிண்டர்கள் எல்லாம் இருக்க இது எதற்கு என்று கேட்கிறார்கள். அவை தொழில்முறை நிரலாளர்களுக்கானவை. ஏராளமான விதிகளோடு வந்து, ஆங்கிலத்தில் பேசி, வரி நீண்டுவிட்டது என்றுகூடக் கோபிக்கும். லூப் (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்றால் என்னவென்று நேற்றுத்தான் கற்ற பிள்ளைக்கு அந்தக் கோபத்தால் ஒரு பயனும் இல்லை.

லிண்டர் வைத்திருப்பவருக்கு வரும் மிகப் பெரிய ஆசை விதி சேர்ப்பது. எனக்கும் அது அடங்கவில்லை. ஆனால் மூதூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் திரையைக் காட்டி, “சேர், இது சரியாகத்தானே ஓடுகிறது, பிறகு ஏன் குறை சொல்கிறது?” என்று கேட்ட நாளிலிருந்து கணக்கு மாறிவிட்டது. அவர் சொன்னது சரி. அந்தப் புகார் வீண் புகார். பிடிபடாமல் போன வழு ஒன்று ஒரு பிள்ளையின் அரை மணி நேரத்தைத் தின்னும். வீண் புகாரோ மற்ற எல்லாப் புகார்களின் மேலும் இருக்கும் நம்பிக்கையைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு உண்மையான வழுவைச் சொன்னாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அவர் காட்டிய செய்நிரலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பட்டியல் ஒன்றை லூப்பில் சுற்றிக்கொண்டே அதே பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை நீக்குவது பைதானில் பழைய பொறி. பாரை, சூரை, சூரை, கீரி என்று மீன்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சூரைகளை எல்லாம் நீக்க வேண்டும். முதல் சூரை நீங்கியதும் இரண்டாவது சூரை அதன் இடத்துக்கு நகர்ந்துவிடும். லூப் அடுத்த இடத்துக்குப் போகும். அங்கே இருப்பது கீரி. இரண்டாவது சூரை தப்பிவிட்டது. அகராதி வகையாக இருந்தால் பைதான் வழுச் செய்தி தந்து நின்றுவிடும். பட்டியலுக்கு ஒரு முனகலும் கிடையாது. அதனால் இதைப் பிடிக்கும் விதி என் செல்லப்பிள்ளை.

ஆனால் மாணவர் எழுதியது வேறு. தேடிய மீனைக் கண்டதும் நீக்கிவிட்டு, உடனே ‘பிரேக்’ போட்டு லூப்பிலிருந்து வெளியேறிவிட்டார். அடுத்த சுற்றே இல்லை, ஆகவே தவறவிட ஒன்றும் இல்லை. விதி இதைப் பார்க்க வேண்டுமானால், நீக்கும் கூற்றுக்குப் பிறகு அதே தொகுதியில் பிரேக்கோ, சார்பையே முடித்து வெளியேறும் ரிட்டர்னோ வருகிறதா என்று தேட வேண்டும். அதிலும் ஒரு முடிச்சு: லூப்புக்குள் இன்னொரு லூப் இருந்தால் பிரேக் உள்ளே இருப்பதை மட்டுமே முறிக்கும். வெளி லூப் சுற்றும் பட்டியலிலிருந்து உள் லூப்பில் நின்று நீக்கினால் ஆபத்து அப்படியே இருக்கிறது. பைதானின் தொடரியல் மரத்தில் (செய்நிரலின் அமைப்பைக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் வடிவம்; ஒவ்வொரு கிளைப்புள்ளியும் ஒரு கணு) ஒரு கணுவுக்குத் தன் தாய்க்கணு எது என்று தெரியாது. மேலிருந்து கீழே மட்டுமே போகலாம். ஆகவே மரத்தில் இறங்கும்போதே, தற்போது எந்த லூப்புகளுக்குள் இருக்கிறோம் என்பதை ஓர் அடுக்கில் வைத்துக்கொண்டு போகிறேன். பட்டியலின் நகலைச் சுற்றினால் இப்போது புகார் வராது. அப்பெண்ட் செய்வதையும் விதியிலிருந்து எடுத்துவிட்டேன்; சுற்றும்போதே வாலில் வேலையைச் சேர்த்துக்கொண்டு போவது வேண்டுமென்றே செய்கிற உத்தியாகவும் இருக்கலாம்.

இந்தத் தொல்லை புதிதல்ல. பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் சி மொழிக்கான முதல் லிண்டைப் பற்றி எழுதியபோதே, நிரலாளர் கருத்துரையில் ஒரு சொல்லைப் போட்டு அதன் வாயை மூடும் வசதி இருந்தது. இன்று பைதானில் வரியின் கடைசியில் ‘நோக்யூஏ’ என்று எழுதுகிறார்களே, அதன் பாட்டன் அது. சல்லடையிலும் அந்த வசதி உண்டு. ஆனால் ஒரு விதி திருந்தியதும், அதற்காகப் போட்ட வாய்ப்பூட்டுகள் கோப்புகளில் அநாதையாகக் கிடக்கின்றன. நாளை அதே வரியில் உண்மையான வழு வந்தாலும் அது மறைந்துவிடும். ஆகவே எதையும் அடக்காத வாய்ப்பூட்டைக் காட்டிக்கொடுக்கும் சோதனையை எழுதினேன். இந்தச் சுற்றில் சேர்ந்த புதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உள்ளீட்டு விதி இன்னும் கடினம். பயனர் தட்டுவதை வாங்கித் தரும் இன்புட் சார்பு எப்போதும் சரத்தையே (எழுத்துத் தொடரையே) தரும். இரண்டு படகின் மீன் எடையை வாங்கி, எது பெரியது என்று ஒப்பிடச் சொன்னால், 9 என்ற சரம் 10 என்ற சரத்தை விடப் பெரியது என்று பைதான் சாதிக்கும். எழுத்து வரிசையில் அது சரி. விலை 5 என்று தந்து மூன்றால் பெருக்கினால் 555 வரும். வழுச் செய்தியே வராமல் தப்பு விடை வருவதுதான் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறது. விதியின் பழைய வடிவம், இன்புட்டிலிருந்து வந்த மாறி (ஒரு மதிப்புக்கு இட்ட பெயர்) ஒப்பீட்டிலோ பெருக்கலிலோ தோன்றினால் கத்தும். ஆனால் நல்ல பிள்ளைகள் இடையில், நிபந்தனைக்குள், அதே மாறியை முழு எண்ணாக மாற்றிவிடுகிறார்கள். எந்தப் பாதையில் எது நடக்கும் என்று எல்லாச் செய்நிரல்களுக்கும் தீர்மானித்துச் சொல்லவே முடியாது என்பதைக் கணிதவியலாளர் ரைஸ் 1953இலேயே நிறுவிவிட்டார். மாலை வகுப்பு வாத்தியார் அதை முறியடிக்கப் போவதில்லை. நான் எடுத்த முடிவு எளிமையானது: அந்தச் சார்புக்குள் அந்த மாறிக்கு எங்காவது மறுபடி மதிப்பு இட்டிருந்தால் சல்லடை பேசாது. சில வழுக்கள் தப்பும், தப்பட்டும்.

இனித் தமிழ். பைதான் 3 தமிழில் மாறிப் பெயர் வைக்க அனுமதிக்கிறது. பரீட்சைத் தாளில் அப்படி எழுதச் சொல்ல மாட்டேன். வகுப்பில் பிள்ளைகள் தாமாகவே எழுதும்போது தடுக்கவும் மாட்டேன். மொத்தம் என்ற மாறியில் ‘அறக்குளா’ என்ற சரத்தையும் தொகை என்ற எண்ணையும் கூட்டி இடுகிறார் ஒருவர். சரத்தோடு எண்ணைக் கூட்ட முடியாது. சல்லடை தொகையைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஆனால் அதன் கூர்க்குறி (வழுவுள்ள இடத்தின் கீழே போடும் ^) வரியெல்லாம் தாண்டி வெற்றிடத்தில் போய் நின்றது.

காரணம், பைதானின் தொடரியல் மரம் வரிக்குள் எத்தனையாவது இடம் என்பதைப் பைட் கணக்கில் தருகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். அந்த வரியில் தொகைக்கு முன் 53 பைட் இருக்கின்றன. யூனிகோட் குறியீடுகளாக எண்ணினால் 23. மொ என்பதை ஒன்றாகவும் கு என்பதை ஒன்றாகவும், நாம் எண்ணுவதுபோல எண்ணினால் 17. சரி, 17 இடம் விட்டுக் குறி போட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது. முனையத் திரையில் ‘ளா’ விரியும், ‘ற’ ஒடுங்கும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற அடிப்படையே தமிழுக்குப் பொருந்தாது. எழுத்துருவை மாற்றினால் குறி மறுபடி நகரும்.

கடைசியில் கூர்க்குறியையே கைவிட்டேன். இப்போது செய்தி இப்படி வருகிறது: “வரி 4: ‹தொகை› ஓர் எண், ‹அறக்குளா› என்ற சரத்தோடு அதைக் கூட்ட முடியாது.” சுட்டும் துண்டு செய்திக்குள்ளேயே இருக்கிறது, அகலத்தைப் பற்றிக் கவலை இல்லை. மூலத்திலிருந்து ஒரு கணுவுக்குரிய துண்டை வெட்டித் தரும் சார்பு பைதான் 3.8 முதல் நூலகத்திலேயே இருக்கிறது. பைட் கணக்கை அதுவே சரியாகப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் கோப்பைத் தொடக்கத்திலிருந்து வரிவரியாகப் பிரிக்கும். கோப்பு நீண்டால் ஆமை வேகம். வரிகளை ஒரு முறை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு அதே வேலையை நானே செய்கிறேன்.

அடுத்தது சிரிப்பு வரவழைத்தது. நிலாவெளி மாணவியின் கோப்புக்கு வந்த செய்தி: “‹தொகை› என்ற பெயர் இல்லை. ‹தொகை› என்று எழுத நினைத்தீர்களா?” அவர் திரையைப் படம் பிடித்து வகுப்பு முழுவதற்கும் அனுப்பிவிட்டார். ‘தொ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. அவர் வீட்டுக் கணினியில் ஒரு வகையாகவும் கைபேசியில் மற்ற வகையாகவும் தட்டியிருந்தார். பைதான் பெயர்களை என்எஃப்கேசி என்ற சீர்வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுவதால் அவருடைய செய்நிரல் ஒழுங்காக ஓடியது. சல்லடையோ வரையறைகளை மரத்திலிருந்தும் பயன்பாடுகளை டோக்கன்களிலிருந்தும் (மூலத்தைச் சொல் சொல்லாக வெட்டிய துண்டுகள்) எடுத்தது. மரத்தில் சீரான வடிவம், டோக்கனில் தட்டிய வடிவம். டோக்கனையும் சீர்வடிவாக்கும் ஒரே வரியில் அது தீர்ந்தது.

ஆனால் ‘ஔ’ வரிசை தீராது. பௌர்ணமியைச் சரியான துணைக்குறியோடு எழுதுபவர்களும் உண்டு. ஒற்றைக் கொம்பு, பிறகு ‘ள’ என்ற தனி எழுத்து என்று தட்டுபவர்களும் உண்டு. அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோட்டுக்கு இவை வெவ்வேறு எழுத்துகள். சீர்வடிவு இவற்றை ஒன்றாக்காது. பைதானுக்கும் இரண்டு தனித்தனி மாறிகள்தாம். போயா (பௌர்ணமி நாள்) விடுமுறைகளைக் கணக்கிடும் பயிற்சியில் இது இரண்டு பேரைக் கவிழ்த்தது. கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் எச்சரிக்கலாம் என்றால், கெளிறும் தெளிவும் வெள்ளியும் மாட்டிக்கொள்ளும். மீன் பெயர்களை மாறியாக வைக்கும் ஊரில் கெளிறு வராமல் இராது. அதனால் ஒரே கோப்பில் இரண்டு வடிவமும் இருந்து, இந்த ஒரு வேறுபாட்டைத் தவிர மற்றவை பொருந்தினால் மட்டுமே எச்சரிக்கிறது.

பதிப்புப் பராமரிப்பு சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. சில பாடசாலை ஆய்வுகூடங்களில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதில் நிறுவக்கூடிய கடைசிப் பைதான் 3.8. வீட்டில் புதிய மடிகணினி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் 3.14. எண்ணுக்கும் சரத்துக்கும் தனித்தனியாக இருந்த பழைய கணு வகைகள் 3.8இல் வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டு, 3.14இல் நீக்கப்பட்டுவிட்டன. இப்போது எல்லாம் மாறிலி (நேரடியாக எழுதிய மதிப்பு) என்ற ஒரே கணு. மதிப்பின் வகையைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். அப்போது ‘ட்ரூ’வும் முழு எண் வகையின் பிள்ளை என்பதை நினைவில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் உண்மை, பொய் மதிப்புகளையும் எண்களாக எண்ணிப் புகார் வரும்.

நீக்கிய விதிகளில் ஒன்று, மாறிலியை ‘இஸ்’ (மதிப்பை அல்ல, இரண்டும் ஒரே பொருளா என்று பார்ப்பது) கொண்டு ஒப்பிடுவதைப் பிடிப்பது. 3.8 முதல் பைதானே அதை எச்சரிக்கிறது. கோப்பைத் தொகுக்க மட்டும் செய்து, ஓட்டாமல், வரும் எச்சரிக்கையைப் பிடித்துத் தமிழில் சொல்வதே இப்போது சல்லடையின் வேலை. ‘ஃபைனலி’க்குள் (என்ன நடந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) ரிட்டர்ன் எழுதுவதை 3.14 எச்சரிக்கத் தொடங்கிவிட்டது. அந்த விதி ஆய்வுகூடக் கணினிகளுக்காக மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இரண்டு கோப்புறைகளின் மேல் சல்லடையை ஓட்டி, முந்திய வெளியீட்டோடு ஒப்பிடுகிறேன். ஒன்று பிள்ளைகளின் பழைய பயிற்சிகள், பெயர் நீக்கி வைத்தவை. மற்றது பைதானின் சொந்த நூலகம். அத்தனை கண்கள் பார்த்த நூலகத்தில் என் விதி வழு கண்டுபிடித்தால், வழு பெரும்பாலும் விதியில்தான். புதிய வெளியீட்டில் புகார் கூடினால் முதலில் அங்கேதான் போய்ப் பார்ப்பேன்.

மிச்சம் இருப்பது எஃப்-சரங்கள் (உள்ளே மாறிகளைப் பதிக்கக்கூடிய சரங்கள்). 3.12 முதல் அவற்றின் உள்ளே இருப்பதும் டோக்கன்களாகப் பிரிந்து வருகிறது; 3.8இல் முழுச் சரமும் ஒரே டோக்கன். உள்ளே இருக்கும் மாறியின் இடத்தை இரண்டு பதிப்பிலும் ஒரேபோலச் சொல்ல வழி கிடைக்கும்வரை, எஃப்-சரத்துக்குள் நடப்பதற்கு வரி எண் மட்டும் தருகிறேன், துண்டு தருவதில்லை. சொல் முறைவழிப்படுத்தியில் ஒட்டி எடுத்ததால் வளைந்துபோன மேற்கோள் குறிகளுக்குத் தமிழில் செய்தி வேண்டும் என்று கிண்ணியாப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு மரம் கட்டவே தேவையில்லை. மூலத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தால் போதும். வார இறுதியில் அதை முடித்துவிட்டு எஃப்-சரத்துக்கு வருகிறேன்.