ஐந்தாம் மாடி, வடக்கு ஜன்னல்

அக்டோபர் 14

மஞ்சள் காமாலையோடு அத்தை படுத்திருக்கும் மருத்துவமனை அறை. ஜன்னல் வடக்கே பார்த்தது. அதுவே பெரிய உதவி. சூரியன் தெற்கே சாய்ந்துவிட்ட மாதம், நேர் வெயில் கட்டில் பக்கம் வராது. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை வெளிச்சத்தின் நிறம் அதிகம் அலையாது. வானம் தெளிந்திருந்தால் 7000 கெல்வினுக்கு மேலே, மூடியிருந்தால் 6500 பக்கம்; எண் ஏற ஏற நீலம்.

தலைக்கு மேலே இரண்டு விளக்கு. ஒன்று பழைய டியூப்லைட், இன்னொன்று எல்.இ.டி. இடது பக்கம் பச்சைத் திரைச்சீலை. ஒரே முகத்தில் இத்தனையும் விழுகிறது. ஓர் அறையில் எத்தனை நிற வெளிச்சம் இருக்கிறது என்று பார்க்க எவர்சில்வர் டம்ளர் போதும். முகம் இருக்கும் இடத்தில் அதைப் பிடித்தால் ஒவ்வொரு வெளிச்சமும் அதன் வளைவில் தனிக் கோடாக விழும். ஜன்னல் நீலமாக, டியூப்லைட் லேசான பச்சையாக, திரை அகலமான பட்டையாக. எது பெரிதோ அதுதான் முகத்தை ஆள்கிறது.

இன்று திரை.

அக்டோபர் 15

பிலிருபின் 6.2.

அக்டோபர் 16

பெரிய டாக்டர் வந்ததும் விளக்கை அணைக்கச் சொன்னார். திரையை ஒதுக்கி, அத்தையை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். படம் எடுக்கிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய வரிசை இது. வேண்டாத விளக்கை அணை, நிறம் பூசும் பரப்பை விலக்கு, ஒரே வெளிச்சத்தில் பார்.

பிலிருபின், அதாவது ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமி, 1.2க்குள் இருக்க வேண்டியது. 2.5, 3 என்று ஏறினால்தான் கண்வெள்ளையில் மஞ்சள் தெரியவே ஆரம்பிக்கும். மஞ்சள் பல்பின் கீழே அதுவும் மறைந்துபோகும். தலையணை உறை, சுவர், கண் எல்லாமே ஒரே சாயலில் நிற்கும்போது மூளை அந்தச் சாயலைக் கழித்துவிடுகிறது.

எது வெள்ளை என்று கேமரா தானே முடிவுசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ் இதைவிட மோசம். கண்ணை நெருங்கி எடுத்தால் ஃப்ரேம் முழுக்கத் தோலும் மஞ்சளும்தான். ‘விளக்கு மஞ்சள்’ என்று அதுவாக முடிவுகட்டி நீலத்தை ஏற்றிவிடும். நோயைத் துடைத்துவிட்டுப் படத்தைக் கையில் கொடுக்கும். கேமராத் திரையில் பார்க்க ஆறுதலாக இருக்கும். அந்த ஆறுதல்தான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 17

இனி தினமும் ஒரே முறை. தம்பி எடுத்தாலும் மாறக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

காலை 10 மணி. இரண்டு விளக்கும் அணைந்திருக்க வேண்டும். திரை கால்மாட்டு வரை தள்ளியிருக்க வேண்டும். அத்தை ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். எடுப்பவர் ஜன்னலுக்குப் பக்கவாட்டில், வெளிச்சத்தை மறைக்காமல். கலர் சட்டையோடு நெருங்கக் கூடாது, சட்டையின் நிறம் கண்ணில் விழும். சாம்பல் அல்லது கறுப்புச் சட்டை.

முதல் படத்தில் கன்னத்தை ஒட்டி கிரே கார்டு, அதாவது எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை, முகத்தின் அதே கோணத்தில். இரண்டாவது படம் கார்டு இல்லாமல். அதற்குள் எதையும் மாற்றக்கூடாது. மேனுவல், ஷட்டர் 1/125 நொடி, துவாரம் எஃப் 4, உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 800, கேமரா திருத்தாத ரா கோப்பு. வானம் இருண்டால் ஐ.எஸ்.ஓ. மட்டும் ஏறலாம்.

கார்டுக்குப் பதில் வெள்ளைத் தாள் வேண்டாம். ஜெராக்ஸ் பேப்பரில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாக விடும். அந்த நீலத்தை ‘வெள்ளை’ என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தால் மற்ற எல்லாமே மஞ்சள் பக்கம் சாயும். இல்லாத மஞ்சளுக்கு நாம் அழ வேண்டியிருக்கும்.

எக்ஸ்போஷர் ஏறவே கூடாது. மஞ்சள் என்றால் சிவப்பும் பச்சையும் உயர்ந்து நீலம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். வெளிச்சம் அதிகமானால் சிவப்பும் பச்சையும் உச்சியில் முட்டி நின்றுவிடும், நீலம் மட்டும் ஏறிக்கொண்டே வரும், இடைவெளி சுருங்கும், கண் வெளுத்துத் தெரியும். மூன்றில் ஒரு ஸ்டாப் குறைவாகவே எடுக்கவும்; வெளிச்சம் பாதியானால் அது ஒரு ஸ்டாப்.

கணினியில் கிரே கார்டைச் சொடுக்கினால் அதன் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்ணும் சமமாகும். அதே அமைப்பை இரண்டாவது படத்துக்கு நகலெடுத்து, கண்வெள்ளையில் ரத்த நரம்பு ஓடாத இடமாகப் பார்த்து அளவெடுக்க வேண்டும். ஒரே பிக்சலை நம்பக்கூடாது, குறைந்தது ஐந்துக்கு ஐந்து சராசரி.

இன்று: சிவப்பு 196, பச்சை 178, நீலம் 139.

ரத்தப் பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது, தெரியும். போக்குத் தெரிந்தால் போதும்.

அக்டோபர் 18

“எப்பவும் கண்ணுதானா, முகத்த எடுக்க மாட்டியா?” அத்தை கேட்டார்.

அக்டோபர் 19

முகம்.

பச்சைத் திரை ஒரு கன்னத்தில் மட்டும் அடிக்கிறது. இதை வைட் பேலன்ஸால் சரிசெய்ய முடியாது. டின்ட் ஸ்லைடரைப் பச்சைக்கு எதிரான மெஜந்தா பக்கம் தள்ளினால் பச்சைக் கன்னம் தேறும், ஜன்னல் பக்கக் கன்னம் ரோஜா நிறமாகிவிடும். திரையைத் தள்ள இடமில்லையென்றால் அதை மறைக்க வேண்டும். வீட்டு வேட்டியைத் தொங்கவிடலாம் என்று தோன்றும். நீலம் போட்டு அலசிய வேட்டி நீல வெளிச்சம்தான் தரும், முகம் கல்லாகிவிடும். தெர்மோகோல் அட்டைதான் சரி. இரண்டடிக்கு மூன்றடி, கன்னத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, படுக்கைக் கம்பியில் கட்டிவிட்டேன். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகும் மிச்சம் இருந்தால் கணினியில் அந்தக் கன்னத்தை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து, டின்ட் 8 அல்லது 10.

மருத்துவமனைக்கு இந்தப் பச்சை வந்ததே கண்ணுக்கு இதம் என்றுதான். 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் தன் அறையின் வெள்ளையை நீக்கிப் பச்சையாக்கினார். ரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் நிமிரும்போது வெள்ளைச் சுவர் கூசும்; அதில் பச்சை நிழல் மிதக்கும். சுவரே பச்சையானால் அது தெரியாது. வைத்தியருக்கு நல்லது செய்த நிறம், பக்கத்தில் படுத்திருப்பவர் முகத்தில் விழும்போது அவரை இன்னும் நோயாளியாக்குகிறது. அத்தை முகத்தில் இல்லாத வாட்டத்தைத் திரை கொண்டுவந்து ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அக்டோபர் 21

5.4.

உள்ளங்கை மஞ்சளாக இருக்கிறதே என்று பக்கத்துக் கட்டில் அம்மா பயந்துவிட்டார். அது பூசுமஞ்சள். இத்தனை வருஷம் தேய்த்துக் குளித்த மஞ்சள் நெற்றி ஓரத்திலும் கழுத்து மடிப்பிலும் இன்னும் இருக்கிறது. கண்ணின் வெள்ளையை அது தொடாது. அதனால்தான் கண்.

அக்டோபர் 23

எங்கே பார்த்தாலும் பட்டியல்கள். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி. பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் முதல் பாடமாக வைக்கிறார்கள். நாட்டிய சாஸ்திரத்திலும் பட்டியல் உண்டு: ரௌத்திரத்துக்குச் சிவப்பு, கருணைக்குப் புறாச் சாம்பல், மஞ்சளுக்கு அற்புதம், அதாவது வியப்பு. மேடைக்கு அது பொருந்தும், அங்கே முகத்தில் பூசுவதே நாம்தான். கேமராவுக்கு முன்னால் நிறம் ஏதோ ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் வருகிறது.

இன்று அத்தையின் தாலிக்கயிற்றை அளந்தேன். ஜன்னல் வெளிச்சம், அதே கார்டு, அதே அமைப்பு. புதுக் கயிறு இல்லை, முடிச்சோரம் கறுத்து, முறுக்கு பிரிந்து, நடுவில் மட்டும் மஞ்சள் உயிரோடு இருந்தது. சிவப்பு 204, பச்சை 158, நீலம் 41. நிறச் சக்கரத்தில் 43 டிகிரி. 17ஆம் தேதி கண்வெள்ளை 41 டிகிரி. இரண்டு டிகிரி வித்தியாசம். கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. வேறுபடுவது செறிவு மட்டும்: கயிறு 80 சதவீதம், கண் 29. ஒன்று மங்கலம், இன்னொன்றைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. மஞ்சளில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது? எதன் மேல் இருக்கிறது, அங்கே இருக்க வேண்டியதுதானா என்பதில்தான் எல்லாம்.

படம் அமைக்கும்போது இதை நேராகப் பயன்படுத்தலாம். ஒரு நிறத்தை அது இருக்கக் கூடாத இடத்தில் சிறிதளவு வைத்தால் போதும், பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலே உறுத்தும். செறிவைக் கூட்டினால் உறுத்தல் போய் அலங்காரம் வந்துவிடும். சாச்சுரேஷன் ஸ்லைடர் பாதி நேரம் கெடுப்பது இதைத்தான்.

அக்டோபர் 25

வீட்டிலிருந்து அரக்குப் போர்வை வந்துவிட்டது. அறையே மாறிப்போனது.

சிவப்பு எடுப்பது கஷ்டம். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் அழகாக நடுவில் நிற்கும், போர்வை மட்டும் நூலும் மடிப்பும் இல்லாத ஒரே பூச்சாக வரும். கேமரா காட்டும் வெள்ளை வரைபடம் பச்சையைத்தான் அதிகம் எடைபோடுகிறது. சிவப்பு தனியாக உச்சியில் முட்டியது அதில் தெரியாது. மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பு வலது சுவரைத் தொடாதவரை குறைக்க வேண்டும். இந்தப் போர்வைக்கு மூன்றில் இரண்டு ஸ்டாப். குங்குமத்துக்கும் பட்டுப்புடவைக்கும் இதேதான். சாதாரணத் திரைகளின் நிற வரம்பான எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றும்போது மறுபடி ஒருமுறை முட்டும், அங்கே சிவப்பின் செறிவை 10 குறைத்தால் மடிப்பு திரும்ப வரும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எக்ள்ஸ்டன் 1973இல் மிஸிஸிப்பியில் எடுத்த அந்தச் சிவப்புக் கூரைப் படம் ஞாபகம் வந்தது. கூரை, சுவர், நடுவில் ஒரு பல்ப், வெள்ளை ஒயர்கள். சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் டை டிரான்ஸ்ஃபர் முறையில் அச்சிட்டதால் அந்தச் சிவப்புக்கு அவ்வளவு அடர்த்தி. ஒரு துளி வெள்ளை ஒயர் இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு இத்தனை மிரட்டாது.

போர்வை தாடை வரை இழுத்திருந்தால் தாடைக்குக் கீழே சிவப்பு அடிக்கிறது. கண் படம் எடுக்கும்போது போர்வை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். முறையில் சேர்த்துவிட்டேன்.

அக்டோபர் 26

படம் வேண்டாம் என்றார். எடுக்கவில்லை.

அக்டோபர் 28

மழை. 10 மணிக்கே விளக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைய எண் செல்லாது.

அக்டோபர் 29

தூக்கம் இல்லை. நடைபாதையில் கேமராவை 5500 கெல்வினில் பூட்டிவைத்துச் சுற்றினேன். ஃபிலிம் காலத்தில் டேலைட் ஃபிலிம் போட்டால் இதுதான் நிலைமை: ஒவ்வொரு விளக்கும் தன் சுபாவத்தைக் காட்டிவிடும். நர்ஸ் மேசையின் மேசை விளக்கு ஆரஞ்சு. லிஃப்ட் வாசல் பச்சை. அவசர வழிப் பலகை அதைவிடப் பச்சை. கண்ணாடிக்கு வெளியே, எல்.இ.டி.க்கு மாறாமல் மிஞ்சிய ஒரே சோடியம் விளக்கு, அதன் கீழே நின்ற நீல ஆட்டோ கறுப்பாக. அந்த விளக்கில் நீலம் மிக மிகக் குறைவு என்பதால் எந்த மென்பொருளாலும் அந்த நீலத்தை மீட்க முடியாது.

டியூப்லைட்டின் கீழே ஷட்டர் 1/50 அல்லது 1/100. நம் மின்சாரம் 50 சுழற்சி, விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். அதைவிட வேகமாக எடுத்தால் அடுத்தடுத்த படங்களில் நிறம் மாறும், குறுக்கே பட்டை விழும்.

எல்.இ.டி.யில் வேறு சிக்கல். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு அட்டையில் சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருப்பது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு, ஆர் 9 என்பது, அந்தக் கணக்கிலேயே வராது. ஆர் 9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் விளக்குக்குக்கூட 80 கிடைக்கும். அதன் கீழே உதடும் காதும் வெளிறும். எத்தனை முகங்களை நாம் ‘ரத்தமே இல்லை’ என்று சொல்லியிருப்போம்.

அக்டோபர் 31

தீபாவளி. ஜன்னல் கண்ணாடியில் லென்ஸை ஒட்டி, அறையை இருட்டாக்கி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, நாலு நொடி. எஃப் 5.6இல் எடுத்தால் வாணத்தின் நடு வெள்ளையாகிவிடும், நிறம் ஓரத்தில் மட்டும் நிற்கும்.

அத்தை உட்கார்ந்து பார்த்தார். சிவப்பு வாணம் வெடிக்கும்போதெல்லாம் முகத்தில் ரத்தம் ஏறியது போல இருந்தது. ஸ்ட்ரான்சியம். அப்படித்தான் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 2

3.9!

படத்தில் சிவப்பு 198, பச்சை 186, நீலம் 158.

நவம்பர் 4

சங்கப் பாட்டில் பசலைக்குப் பீர்க்கம்பூவின் நிறம் சொல்வார்கள். குறுந்தொகையில் ஒரு பாட்டு அதைக் கேணிப் பாசி என்கிறது: தொட்ட இடத்தில் விலகும், விட்ட இடத்தில் பரவும். மேனியின் நிறம் மாறுவதைப் பார்த்து மனத்தைப் படித்த கூட்டம் நாம். நிறத்தைச் சரியாக எடுக்கத் தெரியாமல் முகம் எடுப்பது அதற்குத் துரோகம்.

அத்தை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

நவம்பர் 6

முகப் படங்களில் ஒன்றை அச்சுக்குக் கொடுத்தேன், 8க்கு 12 அங்குலம், அரைப் பளபளப்பான லஸ்டர் தாள். மானிட்டர் வெளிச்சம் 100 கேண்டெலாவுக்குக் குறைத்த பிறகுதான் திருத்தினேன். கடையிலிருந்து வந்தபடி 250, 300இல் வைத்துத் திருத்தினால் அச்சு இருண்டுதான் வரும். போனில் இரவு மஞ்சள் வடிகட்டி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அத்தையிடம் காட்டினேன்.

முதலில் 4க்கு 6இல் மூன்று சோதனை: திருத்தியபடி ஒன்று, மெஜந்தா 4 கூட்டி ஒன்று, மஞ்சள் 4 கூட்டி ஒன்று. ஆய்வகத்தின் மஞ்சள் பல்பின் கீழே முடிவெடுக்கக் கூடாது, வாசலில் நிழலில் நின்று பார்க்க வேண்டும். மஞ்சள் கூட்டியதுதான் அழகாக இருந்தது. மாநிறத் தோலுக்கு மஞ்சள் எப்போதும் கனிவு தரும். திருத்தியபடி இருப்பதையே போடச் சொன்னேன்.

அதில் திரையை நான் சரிசெய்யவில்லை. முகத்துக்கு மட்டும் முகத்தின் நிறம். பின்னால் பச்சை பச்சையாகவே இருக்கட்டும், போர்வை அரக்காகவே. நடுவில் அவருடைய நிறம் அவருடையதாக இருந்தால் சுற்றி இருப்பதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்கே புரியும்.

நவம்பர் 7

4.6.

நவம்பர் 8

மூன்றாம் மாடிக்கு மாற்றுகிறார்கள், மதியம். அங்கே ஜன்னல் மேற்கு, எதிரே செங்கல் நிறக் கட்டடம். மாலையில் அதன் சாயல் உள்ளே விழும். இங்கே எடுத்த எண்களோடு நேராக ஒப்பிட முடியாது. மாற்றும் முன் இங்கே கார்டோடு ஒன்று, போனதும் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே கார்டோடு ஒன்று எடுத்தால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கிடைத்துவிடும், அதைக் கழித்துக்கொள்ளலாம். தெர்மோகோலையும் எடுத்துப்போக வேண்டும். தம்பியிடம் சொல்லியாகிவிட்டது. ஸ்ட்ரெச்சர் இரண்டு மணிக்கு.