விசா முடிவதற்குள் ஒரு கார்: டர்பனில் வாடகையா, சொந்தமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலை மாற்றலாகி வரும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். கார் வாங்குவதா, மாத வாடகைக்கு எடுப்பதா? ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் சொல்பவர்களில் பாதிப் பேர் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியவர்கள், மீதிப் பேர் தனி ஆட்கள். விசா தேதியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு கணக்குப் போட்டவர்கள் குறைவு. அதனால் 2024 நடுவில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

என்னுடையது கம்பெனிக்குள் மாற்றலாகி வருபவர்களுக்கான விசா. அதிகபட்சம் நான்கு வருஷம், நீட்டிப்பு கிடையாது. முதல் வருஷத்தில் பெரும்பகுதி கம்பெனி வண்டியில் ஓடிவிட்டது. அது நின்றபோது விசாவில் மூன்று வருஷத்துக்குச் சற்று மேல் மிச்சம் இருந்தது. வீடு மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம், அலுவலகம் உம்லாங்காவில், பிள்ளைகள் பள்ளி வேறு திசையில். மினிபஸ் டாக்ஸிகள் ஓடுகின்றன, ஆனால் புத்தகப் பையோடு சின்னப் பிள்ளைகளை அதில் ஏற்றிவிட எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க வேண்டும் என்றாலும் நகரத்தைத் தாண்டித்தான் போகணும். அம்மாவும் அப்பாவும் வந்து தங்கப் போகிறார்கள், அதனால் ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும். என் வீட்டுக்காரர் முதலிலேயே சுசுகி எர்டிகா என்று முடிவு செய்துவிட்டார். இந்தியாவில் தயாராகி இங்கே வரும் வண்டி, இங்கேயும் ஊபர் ஓட்டுபவர்கள் பலர் அதைத்தான் ஓட்டுகிறார்கள் என்பது அவருடைய வாதம். விலை அப்போது சுமார் 3 லட்சம் ராண்ட். வண்டியைப் பற்றிச் சண்டை இல்லை, எப்படி எடுப்பது என்பதில்தான் வீட்டில் பேச்சு ஓயவில்லை.

ஷோரூமில் விற்பனைப் பையன் முதலில் நீட்டிய தாளில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண்: மாதம் 4,960 ராண்ட். இவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். 72 மாதத் தவணை, கடைசியில் 30 சதவீத பலூன். அதாவது ஆறு வருஷம் கட்டி முடித்த பிறகும் 90,000 ராண்டை மொத்தமாகக் கட்டினால்தான் வண்டி நமக்கு. அன்றைக்கு பிரைம் வட்டி, அதாவது வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி, 11.75 சதவீதம். அந்தக் கணக்கில் பலூன் இல்லாமல் மாதம் 5,826 வரும். மாதம் 866 ராண்ட் குறைகிறதே என்று பலூனை எடுத்தால், ஆறு வருஷத்தில் மொத்தமாகக் கட்டுவது சுமார் 27,600 ராண்ட் கூடுகிறது. இந்த ஊரில் பலூன் சர்வசாதாரணம். ஆறாவது வருஷம் அந்தத் தொகையைக் கட்ட முடியாமல் பழைய வண்டியைக் கொடுத்து, பாக்கியைப் புது வண்டிக் கடனில் ஏற்றுபவர்களை அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு அந்தப் பிரச்சினையே வரவில்லை. பாஸ்போர்ட் நகலைப் பார்த்ததும் பையன் குரல் இறங்கிவிட்டது. விசா முடியும் தேதிக்குள் கடைசித் தவணை முடிய வேண்டும் என்றது வங்கி. 72 மாதம் போய் 36 மாதம் ஆனது. இங்கே கடன் வரலாறு இல்லாததால் பிரைமுக்கு மேல் இரண்டு சதவீதம் கேட்டார்கள். என் சம்பளம் போய்ச் சேரும் வங்கியில் தனியாகக் கேட்டேன், பிரைமுக்கு மேல் ஒன்று என்று 12.75க்கு வந்தார்கள். ஷோரூம் கொண்டுவரும் வங்கியைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நேஷனல் கிரெடிட் ஆக்ட் என்ற கடன் சட்டப்படி வங்கி எழுத்தில் தரும் கொட்டேஷன் ஐந்து வேலை நாட்களுக்குச் செல்லும். ஆகவே "இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்ற அவசரத்துக்கு நாம் ஆட வேண்டியதில்லை.

அடுத்தது வாடகை. தனி நபருக்கு இந்தியாவில் சொல்கிற மாதிரி லீஸ் இங்கே அவ்வளவு புழக்கத்தில் இல்லை. மாதச் சந்தா மாதிரி நீண்ட கால வாடகைதான் கிடைக்கிறது. நாங்கள் பார்த்த திட்டத்தில் மாதம் 9,400 ராண்ட். இன்சூரன்ஸ், டிராக்கர், சர்வீஸ், வருடாந்தர லைசென்ஸ் எல்லாம் அதற்குள். 24 மாத ஒப்பந்தம், மாதம் 2,000 கிலோமீட்டர் வரம்பு. டெபாசிட் ஒரு மாத வாடகை. கேட்கும்போது சுகமாகத்தான் இருந்தது. நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறலாம் என்று இவருக்கு ஒரே ஆசை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்போடு முறிக்க வழி இருக்கிறது, ஆனால் நியாயமான முறிவுத் தொகை என்று ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். அது எவ்வளவு என்று கேட்டால் "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். எழுதித் தரச் சொன்னேன். வரவே இல்லை.

கிலோமீட்டர் வரம்பும் உறுத்தியது. ஜோஹன்னஸ்பர்க்கில் என் நாத்தனார் இருக்கிறாள். என்-3 சாலையில் போக வர ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒருமுறை போய் வந்தாலே அந்த மாதக் கணக்கில் பாதிக்கு மேல் காலி. சரி, அது ஒரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எக்செல்லைத் திறந்து, மாதத் தவணை என்ற வரிசையையே அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரே கேள்வி: இந்த ஊரை விட்டுக் கிளம்பும் நாளில், இந்த வண்டிக்காக என் கையை விட்டுப் போனது எவ்வளவு? கிளம்புவது ஒரு வருஷத்திலா, மூன்று வருஷத்திலா என்பதை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

வாங்கினால் 60,000 முன்பணம், 2,40,000 கடன், 36 மாதம், 12.75 சதவீதம். தவணை 8,058. வங்கியின் மாதச் சேவைக் கட்டணம் வாட் சேர்த்து 69 ராண்ட், அதுதான் சட்ட உச்சவரம்பு. கடன் தொடங்கும் கட்டணத்துக்கும் 1,207.50 ராண்ட் என்று உச்சவரம்பு உண்டு. கடன் உள்ள வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் கட்டாயம், எங்களுக்கு 1,250 வந்தது. டிராக்கர் 160. எல்லாம் கூட்டினால் மாதம் 9,537. வாடகையை விட அதிகம்! இவர் அதைப் பார்த்ததும் "நான்தான் சொன்னேனே" என்றார்.

மூன்று வருஷம் முழுக்க இருந்தால் வாங்கியதில் முன்பணத்தோடு சேர்த்துப் போவது ஏறக்குறைய 4,04,500. ஆனால் கையில் கடனில்லாத வண்டி இருக்கும். விளம்பரங்களில் மூன்று வருஷ எர்டிகா என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, கொஞ்சம் குறைத்தே 1,75,000 என்று வைத்தேன். நிகரச் செலவு சுமார் 2,30,000. வாடகையில் அதே காலத்துக்கு 3,38,400, கையில் ஒன்றுமில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

ஒரே வருஷத்தில் கிளம்பினால்? கடன் பாக்கி 1,70,000 அளவில் நிற்கும். வண்டி 2,35,000க்குப் போனால் 65,000 கையில் வரும். அதைக் கழித்தால் செலவு சுமார் 1,10,000. வாடகையில் 1,12,800, அதோடு அந்த எழுதித் தராத முறிவுத் தொகை. ஆக, முதல் வருஷம் இரண்டும் சமம், அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் வாங்கியவர் பக்கம் சாய்கிறது. முதல் சில மாதங்களுக்குள் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் மட்டும் வாடகை. மேனேஜரிடம் நேரடியாகவே கேட்டேன். புராஜெக்ட் இரண்டு வருஷமாவது ஓடும் என்றார்.

முன்பணம் ஏன் 60,000 என்று கேட்கலாம். ஷோரூமில் 30,000 போதும் என்றுதான் சொன்னார்கள். அப்படிச் செய்தால் கடன் 2,70,000. இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. அந்த நேஷனல் கிரெடிட் ஆக்டில், கடன் 2,50,000 ராண்டோ அதற்கு மேலோ போனால் பெரிய கடன் ஒப்பந்தம் என்று தனி வகை. அதை முன்கூட்டியே முடித்தால் மூன்று மாத வட்டி வரை அபராதமாக வசூலிக்க வங்கிக்கு உரிமை உண்டு. மூன்று மாதம் முன்பே அறிவித்தால் அது விழாது, ஆனால் மாற்றல் உத்தரவு நம் வசதிக்கா வரும்? 2,50,000க்குக் கீழே இருந்தால் அபராதமே இல்லை, என்றைக்கு வேண்டுமானாலும் பாக்கியைக் கட்டி முடிக்கலாம். கடனோடு சேர்க்கும் கட்டணங்களும் அசலில் ஏறும் என்பதால் எல்லையை ஒட்டி நிற்காமல் பத்தாயிரம் தள்ளியே நின்றேன். ஊருக்குத் திரும்பும் தேதி நம் கையில் இல்லாத குடும்பத்துக்கு இந்த ஒரு வரிதான் எனக்குத் தெரிந்து மிகவும் உபயோகமானது. ஷோரூமில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பழைய வண்டியையும் பார்க்காமல் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணா டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் மெக்கானிக் ஷாப் வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டன் பூட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். ஒரு சனிக்கிழமை எங்களோடு வந்தார். வெளிப்புறப் பளபளப்பை அவர் பார்க்கவே இல்லை. டிக்கியைத் திறந்து கம்பளத்தை உரித்தார், ஸ்டெப்னி இருக்கும் குழியில் விரலை விட்டுத் தேய்த்தார், விரல் நுனியில் வந்த காவி மண்ணை என்னிடம் காட்டினார். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் நீர்க்கறை இருக்கிறதா என்று பார்த்தார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த ஊரில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட புது வண்டிகளை நசுக்கியே விட்டார்கள். அவர்கள் நசுக்கினார்கள், எல்லாரும் நசுக்குவார்களா என்பது அண்ணாவின் கேள்வி. கடற்காற்றில் துரு வேறு. பதிவுச் சான்றிதழில் கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி, கோட் 3 என்றால் அடிபட்டுத் திரும்பக் கட்டியது, அதைத் தொடாதே என்றார். புதுசையே எடுத்துவிடு தங்கச்சி, உனக்குத்தான் திருப்பி விற்கிற வேலை இருக்கிறதே, முதல் சொந்தக்காரி நீ என்றால் விலை நிற்கும் என்றும் சொன்னார். அது சரியாகப் பட்டது.

கையெழுத்துப் போடும் நாளில் ஃபைனான்ஸ் மேசையில் ஒரு அம்மா. ரொம்ப இனிமையானவர். பெயின்ட் பாதுகாப்பு, கீறல் காப்பீடு, கண்ணாடி உடைத்துத் திருடுவதைத் தடுக்கும் ஃபிலிம், கூடுதல் வாரன்டி, கடன் ஆயுள் காப்பீடு என்று வரிசையாக வந்தது. ஃபிலிமை மட்டும் எடுத்தோம், வெளியில் போட்டால் பாதி விலை என்று சொன்னதும் அங்கேயும் குறைந்தது. வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் தருவதற்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் பாலிசியை, பலூன் போட்டவர்கள் யோசிக்கலாம். இருபது சதவீதம் முன்பணம் போட்ட எங்களுக்கு அது வேண்டாம் என்று விட்டோம். ஆயுள் காப்பீட்டை நாமே வேறு இடத்தில் எடுத்துக் காட்டலாம், அதுவும் சட்டத்தில் உண்டு.

உண்மையில் இழுத்தடித்தது பணம் இல்லை, ஒரு எண். தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாத நமக்கு டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வேண்டும், அது இல்லாமல் வண்டி நம் பெயரில் பதிவாகாது. அதற்கு ஏ.என்.ஆர். என்ற விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட், புகைப்படங்கள், முகவரிச் சான்று. எங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தம் கம்பெனி பெயரில் இருந்ததால் முகவரிச் சான்று செல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நூலில் கட்டிய பேனாவால் உறுதிமொழி எழுதி, முத்திரை வாங்கினோம். அதற்குக் காசு கிடையாது. அதன்பின் வாரக்கணக்கில் காத்திருப்பு, அதுவரை ஷோரூமில் வண்டி தூசி படிந்து நின்றது. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்த எண்ணுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

வண்டி வந்தபோது நம்பர் பிளேட்டில் இசட்.என். என்று முடிந்திருந்தது. டர்பனின் பழைய என்.டி. வரிசைக்குப் பதிலாக குவாசூலு-நடால் மாகாணம் முழுக்க வந்த புது முறை. பதிவில் உரிமையாளர் நான், டைட்டில் ஹோல்டர், அதாவது சட்டப்படியான சொந்தக்காரர், வங்கி. கடன் முடியும் வரை மூலச் சான்றிதழ் அவர்களிடம்தான். பக்கத்து நாடான எஸ்வாட்டினிக்கு எல்லை தாண்டினால்கூட வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

பிரைமோடு சேர்ந்து மாறும் வட்டியைத்தான் எடுத்தோம். 2024 செப்டம்பரில் பிரைம் கால் சதவீதம் இறங்கியது, 2025 நவம்பரில் 10.25க்கு வந்துவிட்டது. தவணையும் கூடவே இறங்கியது, ஆனால் நாங்கள் பழைய தொகையையே கட்டுகிறோம், மிச்சம் அசலில் போகிறது.

விற்கும் வரிசையையும் இப்போதே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம்: வங்கியிடம் பாக்கிக் கடிதம், வாங்குபவர் வங்கிக்கே நேராகப் பணம் கட்டுவது, சான்றிதழ் விடுவிப்பு, ரோட்வொர்த்தி என்ற சாலைத் தகுதிச் சோதனை, உரிமை மாற்ற அறிவிப்புப் படிவம். அந்தப் படிவத்தைக் கொடுக்காமல் ஊருக்குக் கிளம்பினால், அடுத்தவர் வேகமாக ஓட்டியதற்கான அபராதம் நம் பெயரில் விழுந்துகொண்டே இருக்கும். வாங்கப் போகிறவர் யார் என்றும் ஏறக்குறைய தெரியும். அண்ணாவின் மருமகன் இப்போதே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார், விலைதான் இன்னும் படியவில்லை.