சுடுதண்ணி வருமா, வேன் ஏறுமா?

ஹட்டனிலோ எல்லவிலோ சும்மா பூட்டிக் கிடக்கும் வீட்டை நாள் வாடகைக்கு வீடு கொடுக்கும் இணையத்தளமான ஏர்பிஎன்பியில் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு கிடைக்கும்?" தங்க வருகிறவர்கள் கேட்பது வேறு: சுடுதண்ணி வருமா, வேன் ஏறுமா. மலைநாட்டு வீடுகளுக்கு ஸ்டார் குறைவது பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கு லிஸ்டிங்கில், அதாவது தளத்தில் போடும் வீட்டு விவரத்தில், பதில் இல்லாததால்தான் என்பது என் கணிப்பு. என்றாலும் காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

ஏர்பிஎன்பி கட்டணம் இரண்டு விதம். ஒன்றில் வீட்டுக்காரரிடம் 3 சதவீதம், விருந்தினரிடம் ஏறக்குறைய 14 முதல் 16.5 சதவீதம் வரை. மற்றதில் விருந்தினருக்குத் தனிக் கட்டணம் இல்லை, வீட்டுக்காரரிடமே 15.5 சதவீதம். இரண்டு இரவுக்கு 30,000 ரூபாய், துப்புரவுக்கு 2,000 என்று வையுங்கள். முதல் முறையில் 960 கழிந்து 31,040 கைக்கு வரும். இரண்டாவதில் விலையை மாற்றாமல் விட்டால் 27,040தான். அதே 31,040 வேண்டுமென்றால் 15.5 சதவீதத்தைக் கூட்டினால் போதாது, அந்த 31,040ஐ 0.845ஆல் வகுக்க வேண்டும். துப்புரவோடு மொத்த விலை 36,734 ஆகும். விருந்தினர் வரவேண்டிய நேரத்திலிருந்து சுமார் 24 மணித்தியாலம் கழித்தே பணத்தை விடுவிப்பார்கள். வங்கிக்கு வர இன்னும் சில நாள்.

இன்னொரு தளமான புக்கிங் டாட் காமில் பல வீடுகளில் விருந்தினர் நேரடியாகக் காசு கொடுப்பார். கமிஷன், பெரும்பாலும் 15 சதவீதத்தை ஒட்டி, பிறகு மாதாந்த பில்லாக வரும். வந்ததெல்லாம் நம்முடையது என்று செலவழித்தவர்கள் அப்போதுதான் முழிப்பார்கள்.

இரண்டு தளத்திலும் போட்டால் காலண்டர்களை இணைத்தே ஆக வேண்டும். அந்த இணைப்பும் உடனுக்குடன் ஓடாது, சில மணித்தியாலம் பிந்தும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரே நாளை இருவர் பிடிக்க அந்த இடைவெளி போதும். ஏர்பிஎன்பியில் வீட்டுக்காரர் ரத்துச் செய்தால் தண்டம் உண்டு: விருந்தினர் வர 30 நாளுக்கு மேல் இருந்தால் பதிவுத் தொகையில் 10 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 25, கடைசி 48 மணித்தியாலத்தில் 50, எப்படியும் 50 டொலருக்குக் குறையாது. ஏப்ரலிலும் போயா எனும் பௌர்ணமி விடுமுறையோடு சேரும் நீண்ட விடுமுறைகளிலும் ஒரே தளத்தில் மட்டும் திறந்து வைப்பது நல்லது.

இனி சுடுதண்ணி. கொழும்பில் நன்றாக வேலை செய்யும் 3.5 கிலோவாட் உடனடி ஹீட்டரை வாங்கி நுவரெலியாவில் பூட்டுவதுதான் வழக்கமான பிழை. 15 பாகையில் வரும் தண்ணீரை 40 பாகைக்கு ஏற்ற, அது நிமிடத்துக்கு இரண்டு லீற்றர்தான் தரும். குளிக்க முடியாது, நனையலாம். தாங்கி வைத்த ஹீட்டர் வேண்டும். அதிலும் 30 லீற்றர் தாங்கி 60 பாகையில் இருந்தால், பச்சைத்தண்ணியோடு கலந்து 54 லீற்றர் வரும். இரண்டு பேர் குளித்தால் காலி. 1.5 கிலோவாட்டில் மறுபடி சூடேற ஒரு மணித்தியாலம். ஆறு பேருக்கு வீடு கொடுத்துவிட்டு "24 மணித்தியாலமும் சுடுதண்ணி" என்று எழுதினால் ரிவ்யூ எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை.

பாதையை மீற்றர் கணக்கில் எழுதுங்கள். "பிரதான வீதியிலிருந்து 400 மீற்றர், கடைசி 150 மீற்றர் கொங்கிரீட் இல்லை, கார் ஏறும், பெரிய வேன் ஏறாது, சந்தியில் ஆட்டோ கிடைக்கும், வாசலுக்கு 40 படி" என்பது போல. வரைபடக் குறியை வீட்டுக்கு வைக்காமல் திரும்ப வேண்டிய சந்திக்கு வைத்து, அங்கிருந்து படங்களோடு வழி அனுப்புங்கள். இல்லாவிட்டால் கூகுள் மேப் குறுக்குவழி காட்டி, இருட்டில் தேயிலை மலைக்குள் கொண்டுபோய் விடும்.

ஈரம் அடுத்த எதிரி. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. அந்த மாதங்களில் பெட்ஷீட் காயாது. கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும். மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். குளிருக்காகக் கரி அடுப்பையோ பார்பிகியூ தணலையோ அறைக்குள் எடுத்துப் போகக் கூடாது என்பதை மூன்று மொழியிலும் சுவரில் ஒட்டுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

தங்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம். ஒரு இரவு விலையைப் பார்க்காமல் மொத்தத் தொகையைப் பாருங்கள். கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்பினால் காசு போடாதீர்கள். பிறகு தளம் தலையிடாது. ஏர்பிஎன்பியில் குறை இருந்தால் படம் எடுத்து, கண்ட 72 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். ரிவ்யூ எழுத 14 நாள். இருவரும் எழுதும்வரை அல்லது அந்த நாட்கள் முடியும்வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஆகவே பழிவாங்கிவிடுவார் என்று பயந்து பூசி மெழுகத் தேவையில்லை. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும், முன்பதிவைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பதிவு. சுற்றுலாப் பயணிகளுக்கு வீடு கொடுப்பவர்கள் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும். அதற்கு உள்ளூராட்சி மன்ற அனுமதியோடு, இடம் உங்களுடையது அல்லது குத்தகைக்கு எடுத்தது என்பதற்கான பத்திரமும் தேவை. ஏர்பிஎன்பி காணி உறுதி கேட்பதில்லை என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தோட்டத்து நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்தின் வரிசை வீடான லயன் அறைக்குக் காணி உறுதி கிடையாது. எத்தனை தலைமுறை இருந்தாலும் காணி தோட்டத்துடையதுதான். 7 பேர்ச்சஸில் தனிவீடு கிடைத்தவர்கள் உறுதி கையில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே ஹீட்டருக்கும் மெத்தைக்கும் கடன் எடுங்கள்.